நைட்டிபுரம் போய் வந்தேன்!

ராஜபாளையம் என்றால் நாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா (ஆண்டாள் மன்னிப்பாளாக!). சிவகாசி என்றால் பட்டாசும் தினசரி காலண்டரும். விருதுநகர் என்றால் எண்ணெயில் நீந்தும் புரோட்டா. ஒரே மாவட்டத்தில் ஊருக்கு ஒரு 'பிராண்ட்' இருக்கும்போது, பாவம், தளவாய்புரத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? எழுந்து போய் உங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொடியைப் பாருங்கள். பூப்போட்டு, முன்னால் ஜிப் வைத்து, ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

அதேதான் சார். நைட்டி!

'தளவாய்' என்றால் படைத்தலைவர். நாயக்கர் காலத்தில் பெரிய பதவி. படைத்தலைவர் பேரைச் சுமக்கும் ஊர் இன்றைக்கு ஊரார் வீட்டுப் பெண்களுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறது. சரித்திரத்துக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

நான் போன காரணம் எளிமையானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பன் கல்யாணம். என் மனைவி கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். "அங்கேருந்து பக்கம்தானே... தளவாய்புரம் போய் ஆறு நைட்டி வாங்கிட்டு வந்துடுங்க. ரெண்டு எனக்கு, ரெண்டு அம்மாவுக்கு, ரெண்டு மாடி வீட்டு அக்காவுக்கு." நான் வேலை பார்ப்பது மார்க்கெட்டிங் பிரிவில். 'டார்கெட்', 'ரீச்', 'கன்வர்ஷன்' என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு, ஒரு பொருளைக்கூடக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்கு வரும் ஜாதி. பொருள் தைக்கிற ஊரையே பார்க்க ஒரு வாய்ப்பு. விடுவேனா?

மலை வலது பக்கம்

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று வரிசையாக வந்து நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் வலது பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே ஓடி வரும். மேகம் இறங்கியிருந்தால் டிக்கெட் காசு அங்கேயே வசூல்.

ராஜபாளையத்தில் இறங்கி டவுன் பஸ். தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் பெண்கள் கூட்டம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் இலவசம். கண்டக்டர் என்னிடம் மட்டும் கையை நீட்டியபோது, 'பஸ்ஸை ஓட்டுவதே என் காசில்தான்' என்று ஒரு பெருமிதம் வந்தது.

இந்த வட்டாரமே துணியோடு பிறந்தது. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் பஞ்சாலை தொடங்கினார். அதற்குப் பிறகு இங்கே நூல் ஆலைகள் வரிசை கட்டின. கொஞ்சம் தள்ளி சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஒரு ஊர் நூல் நூற்கிறது, ஒரு ஊர் காயத்துக்குக் கட்டுகிறது, ஒரு ஊர் அலுப்புத் தீர அணிந்துகொள்ள நைட்டி தருகிறது. வாழ்க்கைக்கு வேறென்ன வேண்டும்?

முகவூர், செட்டியார்பட்டி என்று அக்கம்பக்கத்து ஊர்களோடு தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்கிறது தளவாய்புரம். இறங்கியதும் காதில் விழுவது தையல் மெஷின் சத்தம். மாவு மில் சத்தம், கோயில் ஸ்பீக்கர், டவுன் பஸ் ஹாரன் எல்லாவற்றுக்கும் அடியில் 'கடகட'வென்று ஒரு சுருதி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. கடை வாசல் எல்லாம் நைட்டித் தோரணம். ரோஜாப் பூ, சூரியகாந்தி, மயில் தோகை, கட்டம், புள்ளி. தாவரவியல் பூங்காவுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

இரவு உடைக்குப் பகல் டியூட்டி

பேரிலேயே 'நைட்' இருக்கிறது. ஆனால் நம் ஊரில் நைட்டி செய்வது பகல் ஷிஃப்ட். காலையில் பால் வாங்க, வாசலில் காய்காரரோடு பேரம் பேச, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்ற... மேலே ஒரு துண்டைப் போட்டால் போதும், அது முழு உடை! அந்தத் துண்டுக்கு உள்ள மரியாதை மேடையில் போர்த்துகிற பொன்னாடைக்குக்கூடக் கிடையாது. கேரளாவில் இதே உடுப்புக்கு 'மாக்ஸி' என்று பெயர். திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலை பக்கத்திலேயே போவதால் மாக்ஸி ஊருக்கும் நைட்டி ஊருக்கும் தூரம் அதிகமில்லை.

இதற்கும் எதிர்ப்பு வந்தது. 2018-ல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து கிராமம் ஒன்றில், காலை 7 முதல் இரவு 7 வரை நைட்டி போட்டு வெளியே வந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். காட்டிக் கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசாம்! விஷயம் போலீஸ் வரை போனது. நைட்டியை ஒழிக்கக் கிளம்பியவர்கள் தேசம் முழுக்க அதற்கு இலவச விளம்பரம் கொடுத்ததுதான் மிச்சம்.

"ஆறு டஜனா தம்பி?"

ஒரு தயாரிப்புக் கூடத்தில் நுழைந்தேன். ஓனர் அண்ணாச்சி அறுபதைத் தொட்டவர், கழுத்தில் இஞ்ச் டேப்பை மாலை மாதிரி போட்டிருந்தார்.

"வாங்க தம்பி. எத்தனை வேணும்?"

"ஆறு அண்ணாச்சி."

"ஆறு டஜனா?"

"ஆறு... பீஸ்."

இரண்டு விநாடி மௌனம். பிறகு, மெட்ராஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்த பிள்ளையை விரட்டக்கூடாது என்ற கருணையில், "சரி, உக்காருங்க. காபி சாப்பிடுறீகளா?" என்றார்.

காபி வருவதற்குள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரிக்கிறார்கள். மேலே அட்டை வைத்து சாக்பீஸால் கோடு. அப்புறம் நின்ற வாக்கில் ஓடும் கட்டிங் மெஷின், கேக் வெட்டுகிற மாதிரி மொத்த அடுக்கையும் ஒரே இழுப்பில் வெட்டிவிடுகிறது. ஒருவர் கழுத்து, ஒருவர் கை, ஒருவர் ஜிப், ஒருவர் ஓவர்லாக். கடைசியில் ஒரு பாட்டி கத்தரிக்கோலோடு பிசிறு வெட்டுகிறார். இஸ்திரி, மடிப்பு, பாலிதீன் கவர், முடிந்தது. நம் ஆபீஸிலும் ஒரு ஃபைலை இப்படித்தான் ஆறு பேர் பார்க்கிறார்கள். வித்தியாசம், இங்கே கடைசியில் ஒரு பொருள் வெளியே வருகிறது.

மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பீஸுக்கு இத்தனை என்று கூலி. வெட்டிய துணியைக் கட்டாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைப்பவர்களும் உண்டு. சமையலுக்கும் ஸ்கூல் பஸ்ஸுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் ஓடுகிற மெஷின் அது. நம் ஊர் ஐ.டி. கம்பெனிகள் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று 2020-ல் கண்டுபிடித்ததை இந்த அக்காக்கள் எப்போதோ செய்துகொண்டிருக்கிறார்கள். அப்ரைசல்தான் கிடையாது.

பஸ் டாப்பிலிருந்து போன் திரைக்கு

"முன்னல்லாம் எப்படி வித்தீங்க?" என்றேன்.

"மூட்டையைக் கட்டி பஸ் மேல போட்டு மதுரைக்குப் போவோம். கடைக்காரரு சரக்கை வாங்கிக்கிட்டு 'தீபாவளி கழிச்சு வாங்க'ம்பாரு. தீபாவளி கழிச்சுப் போனா 'பொங்கல் கழிச்சு வாங்க'ம்பாரு. அந்தக் காலத்துல விளம்பரம்னா சிவகாசில காலண்டர் அடிச்சுக் கொடுக்கிறது, மஞ்சப்பைல பேரு போடுறது. அம்புட்டுத்தான்."

யோசித்துப் பாருங்கள். தினமும் ஒரு தாளைக் கிழிக்கும்போது கடைக்காரர் பெயர் கண்ணில் படுகிறது. வருஷம் முழுக்கக் கட்டணமில்லாத 'நோட்டிஃபிகேஷன்'! சிவகாசிக்காரர்கள் இதைச் சாதித்தபோது சிலிக்கான் வேலி விளக்கே ஏற்றவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை தரைக்கு இறங்கியது. 2018-ல் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. அதற்குள் 2015-ல் பெங்களூரில் ஆரம்பித்த மீஷோ ஒரு புது வழியைக் காட்டியிருந்தது. கையில் சரக்கே இல்லாத இல்லத்தரசி, போட்டோவை மட்டும் குடும்ப குரூப்பில் போட்டு, தன் லாபத்தைச் சேர்த்து விற்கலாம். 'குட்மார்னிங்' ரோஜாப் பூவுக்குப் பின்னாலேயே நைட்டி ரோஜாப் பூ வர ஆரம்பித்தது.

இப்போது அண்ணாச்சியின் கம்பெனியில் விற்பனை மேலாளர், விளம்பர ஏஜென்ஸி, மாடல் எல்லாம் ஒரே ஆள். அவர் மகள். பி.காம். படித்தவர். மாடியில் ஒரு வட்ட விளக்கு, ஒரு ஸ்டாண்ட், ஒரு போன். நைட்டியை ஹேங்கரில் மாட்டி, கேமராவுக்கு முன்னால் இஞ்ச் டேப்பை மேலிருந்து கீழ் வரை பிடித்து, "அக்கா, நல்லா பாத்துக்கோங்க, 56 இஞ்ச்... சாயம் போகாது, ஈரத்துணி வெச்சுத் தேய்ச்சுக் காட்டுறேன்" என்று தேய்த்தும் காட்டுகிறார். இரண்டு நிமிஷ வீடியோ. ஒரு பொய் கிடையாது. எங்கள் ஆபீஸில் இதே காரியத்துக்கு 40 பக்கம் பிரசென்டேஷன் போட்டு, நாலாவது பக்கத்தில் எல்லோரும் தூங்கியிருப்போம்.

மாடலுக்குப் பெயர் வைப்பதும் அவர்தான். நமக்கு இது புதிதல்ல. 1985-ல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு நதியா வளையல், நதியா கம்மல் என்று கடைவீதியே நதியா மயமானது. குஷ்பு பெயரில் இட்லியே அவிந்தது. இப்போது 'ஆலியா கட்' நைட்டி. ஆலியா பட்டுக்கு ராயல்டி போகிறதா என்று கேட்டேன். மகள் சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்.

பணமும் போனிலேயே. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. 2020 ஜனவரி முதல் கடைக்காரருக்கு அதில் கட்டணமும் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் அண்ணாச்சி கறார்: "பணம் போட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாக. அதை நம்ப மாட்டேன். பேங்க்ல விழுந்தாத்தான் பார்சல் கட்டுவேன். படம் யாரு வேணா வரையலாம்ல?" எம்.பி.ஏ.-வில் ஒரு செமஸ்டர் ஃபீஸ் கட்டி இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

199-ன் மகிமை

"ஏன் அண்ணாச்சி எல்லாம் 199, 249? ஒரு ரூபாயில் என்ன இருக்கு?"

"200-னு சொன்னா பேரம் பேசுறாக. 199-னு போட்டா பேசாம எடுக்குறாக."

மனோதத்துவக்காரர்கள் சொல்வதும் அதைத்தான். கண் முதலில் இடது பக்க எண்ணைப் பிடிக்கிறது. 1 என்று பார்த்ததும் மனசு 'நூத்திச் சொச்சம்' என்று முடிவு கட்டிவிடுகிறது. மிச்ச 99 பின்வாசல் வழியாக நுழைந்துவிடும். ஆடித் தள்ளுபடியும் இப்படித்தான். கல்யாணம் இல்லாத மாதத்தில் கடை காற்று வாங்கக்கூடாதே என்று வந்த ஏற்பாடு. இன்றைக்கு ஆடி வந்தால்தான் துணியே எடுக்கிறோம். ஆப் கம்பெனிகள் கொஞ்சம் பேராசைப்பட்டு வருஷத்தில் பன்னிரண்டு மாதத்தையும் ஆடி ஆக்கிவிட்டார்கள்.

சரி, தள்ளுபடி என்றால் யார் தள்ளுகிறார்கள், யார் மேல் விழுகிறது? அதுதான் இந்தப் பயணத்தில் நான் பார்த்த முக்கியமான காட்சி.

கூடத்தின் ஓரத்தில் கவர் கசங்கிய பார்சல்கள் மலையாகக் கிடந்தன. "அது என்ன?"

"ஆர்.டி.ஓ. வந்தது."

வண்டிக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆர்.டி.ஓ. இல்லை. 'அனுப்பிய இடத்துக்கே திரும்பியது' என்பதன் சுருக்கம். வீட்டு வாசலில் பணம் கொடுக்கிறேன் என்று ஆர்டர் போடுகிறோம். டெலிவரி தம்பி வரும்போது மூடு மாறிவிடுகிறது. 'வேண்டாம்' என்கிறோம். நமக்கு அது ஒரு வார்த்தை. அந்த நைட்டியோ தளவாய்புரத்திலிருந்து டெல்லி போய், திரும்பவும் தளவாய்புரம் வந்து சேர்கிறது. நானும் நீங்களும் போகாத ஊரெல்லாம் பார்த்துவிட்டு வருகிறது! மறுபடி இஸ்திரி போட்டு, கவர் மாற்ற வேண்டும். ஒருவர் வாங்கிவிட்டுப் பிறகு திருப்பினால், பல தளங்களில் கூரியர் செலவும் விற்றவர் தலையில் ஏறுகிறது. 'ஈஸி ரிட்டர்ன்' என்பதில் 'ஈஸி' நமக்கு, 'ரிட்டர்ன்' அண்ணாச்சிக்கு.

நான் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு போன் வந்தது. வெளியூர் மொத்த வியாபாரி. ஆப்பில் போட்டி அதிகம், பீஸுக்குப் பத்து ரூபாய் குறைக்க வேண்டும் என்கிறார். முடியாது என்றதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு யோசனை: "ரெண்டு இஞ்ச் உயரத்தைக் குறைச்சிடுங்க. போட்டோல யாருக்குத் தெரியப் போகுது?"

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்பக்கம் இரண்டு இஞ்ச், பின்பக்கம் இரண்டு இஞ்ச், ஒரு நைட்டிக்கு நாலு இஞ்ச். நூறு நைட்டிக்கு 400 இஞ்ச். அதாவது பத்து மீட்டர். ஒரு நைட்டிக்குச் சுமார் மூன்று மீட்டர் என்றால், நூறுக்கு மூன்று நைட்டி சும்மா கிடைக்கும்!

"பத்து ரூபா குறையணும்னா ஒண்ணு துணி குறையணும், இல்ல இவுக கூலி குறையணும். வேற எங்கிருந்து தம்பி குறையும்? வானத்துல இருந்தா?" என்று மெஷின் வரிசையைக் காட்டினார்.

வரிசையிலிருந்து ஒரு அக்கா தலை நிமிராமலே சொன்னார்: "ரெண்டு இஞ்ச் குறைச்சா எங்க மாமியாளே போட மாட்டாக அண்ணாச்சி. நாம தைச்சதை நாமளே போட முடியலைன்னா அப்புறம் எதுக்கு?"

மகள் மட்டும் கொஞ்சம் யோசித்தார். பக்கத்துக் கம்பெனி 54 இஞ்சுக்கு மாறிவிட்டதாம், ஆப்பில் அவர்கள் மேலே நிற்கிறார்களாம், மேலே நிற்க விளம்பரக் காசும் கட்ட வேண்டுமாம். "நாம எம்புட்டு நாளைக்குப்பா 56-லயே நிக்கிறது?" அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. கழுத்து டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். மெஷின்களில் இரண்டு மூன்று ஓட்டத்தை நிறுத்தி அவர் வாயையே பார்த்தன. "இந்த லாட்டு 56. அடுத்த லாட்டுக்கு அப்புறம் பேசுவம்" என்றார் கடைசியில். மெஷின்கள் மறுபடி ஓடின. மறுநாள் வீடியோவுக்கு மகள் எழுதி வைத்த தலைப்பை நான் எட்டிப் பார்த்தேன்: 'டேப் வெச்சு அளந்து வாங்குங்க அக்கா!'

ஆபீஸ்காரர்களுக்குச் சில குறிப்புகள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு போனையும் திறக்கும் சகோதரர்களுக்காக இது.

'இன்னும் 2 மட்டுமே பாக்கி', 'உங்களோடு 37 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று திரை துடிக்கிறதா? உண்மையில்லாமல் அப்படி அவசரப்படுத்துவது தவறு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. மொத்தம் 13 வகைத் தந்திரங்கள். கேட்காமலே கூடையில் ஒரு பொருளைப் போடுவது, 'வேண்டாம், எனக்குச் சேமிப்பில் விருப்பமில்லை' என்று பட்டன் வைத்து வெட்கப்பட வைப்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் முளைப்பது, சேர ஒரு கிளிக் விலக ஒன்பது கிளிக் என்று சந்தா வலை பின்னுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மாட்டிக்கொண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம்.

இன்னொன்று. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவர் பெயர், முகவரி ஆகியவற்றை ஆப் காட்டியாக வேண்டும். பொடி எழுத்தில் எங்கோ கீழே இருக்கும். ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். பளபள மாடல், பாரீஸ் பெயர் எல்லாம் தாண்டிப் போனால் நம் ஊர்ப் பெயர் ஏதாவது தட்டுப்படலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்து ஊர்ப் பெயரே பிராண்ட் ஆனது. நைட்டிக்காரர்களின் ஊர்ப் பெயரோ பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்தில்தான் குடியிருக்கிறது.

போகிறவர்களுக்கு

காலையில் போங்கள், வெயில் கடுமை. ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. வீட்டு நைட்டி ஒன்றின் உயரத்தையும் சுற்றளவையும் சீட்டில் எழுதி வையுங்கள். 'எக்ஸ்.எல்.' என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இஞ்ச் மாறாது. ஆறு பீஸ் கேட்கக் கூச்சமாக இருந்தால் சில்லறைக் கடைகளே இருக்கின்றன. திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி 192 அடி கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். பால்கோவா வாங்குங்கள். நைட்டிப் பையோடு சேர்த்து வைக்காதீர்கள், நெய் கசியும்.

ஆபீஸுக்குத் திரும்பிய அன்று பக்கத்து சீட்டு நண்பர் போனை நீட்டினார். "பாருங்க சார், 70 சதவீதம் தள்ளுபடி! இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு!"

"எத்தனை இஞ்ச்?" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது இயர்போன் சார்.